சிக்கனப் பாடம் யாருக்கு?



"தோட்டத்துச் சனங்களுக்குச் சிக்கனம் தெரியாது." டவுனிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் மேடை ஏறினால் தவறாமல் சொல்லும் வாசகம் இது. ஒரு கிலோ மாவை வீடு முழுவதற்கும் ரொட்டியாகப் பிரித்துப் பசியாற்றும் தாயிடமா இந்தப் பாடம்? 2024 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் மாதம் 20 பேர் விழுந்தால் 27,000. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,160 ரூபா, கழியும். மிச்சத்தில் அரிசியும் மருந்தும் பிள்ளைகளின் கொப்பியும். இதில் எதைச் சேமிப்பது? நியாயமான சம்பளத்துக்குச் சிக்கனம் ஒருநாளும் பதிலாகாது. அதற்கான போராட்டத்தை நாம் விடப்போவதும் இல்லை.

ஆனால் கைக்கு வந்த காசு யார் பைக்குப் போகிறது என்று கேட்பது வேறு கேள்வி. அதை நாமே நம்மிடம் கேட்க வேண்டும்.

நம் பாட்டன்மாரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது ஒரு துண்டுக் காகிதம். அதில் எழுதிய கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. இன்று அதே துண்டு தவணை அட்டையாக, வாராவாரம் லயத்து வாசலுக்கு வருகிறது. 50,000 ரூபா கடன், "நூற்றுக்கு மூன்றுதான் வட்டி" என்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு வட்டி மட்டும் 18,000. அதாவது, அந்த 1,350 ரூபா கணக்கில், பதின்மூன்று நாள் கொழுந்தெடுத்த அடிப்படைச் சம்பளம். பாதி முதலைக் கட்டி முடித்த பிறகும் முழு 50,000க்கே வட்டி போடுகிறார்கள். ஆகவே உண்மையான வட்டி மாதம் ஐந்துக்கு மேல். கையெழுத்து வைக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "முதல் குறையக் குறைய வட்டியும் குறையுமா?" மழுப்பினால் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது நம் சொந்தத் தவறு. லயத்துப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நம்மவரிடம் கொப்பியில் கடன் எழுதுகிறோம். சம்பளம் கிடைத்த மறுநாள் டவுனுக்குப் பஸ் ஏறி, பெரிய கடையில் ரொக்கம் கொடுக்கிறோம். நம்மவருக்குக் கடன், அந்நியருக்குக் காசு! பிறகு "நம்ம கடையில் விலை கூட" என்று குறையும் சொல்கிறோம். கடன் கொப்பி நிறைந்த கடைக்காரர் மொத்தமாகச் சரக்கு எடுப்பது எப்படி? பத்து வீட்டார் சேர்ந்து, சம்பள நாளிலேயே அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் முன்பணம் கொடுங்கள். அவர் மூட்டையாக எடுக்கட்டும். விலையைக் குறைத்துத் தரட்டும். பஸ் காசும் மிச்சம், நம்மவர் கடையும் நிற்கும்.

நம்மவர் என்பதற்காக ஏமாற வேண்டியதில்லை. பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். யார் விற்றாலும் முதலில் கேளுங்கள். திருந்தாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடுங்கள்.

வெளிநாட்டில் உழைத்துத் தையல் மெஷின் வாங்கிவந்த சகோதரி ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறாள். பள்ளிச் சீருடையை அவளிடம் தைக்கக் கொடுங்கள். கூலியைத் துணி வாங்கும்போதே கொடுங்கள். "நமக்குள்ளே என்ன" என்று இழுத்தடிக்காதீர்கள். அவளுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். திருவிழாவுக்கு வெளியூர் இசைக்குழு வந்தால் முன்பணம், சாப்பாடு, மாலை. விடிய விடிய காமன் கூத்தாடும் நம் பிள்ளைகளுக்கு வெறும் கைதட்டல். தப்படிக்கும் அண்ணனுக்கோ ஒரு போத்தல் சாராயம்! கலை அவருக்குத் தொழில் என்றால் அதற்குக் கூலி உண்டு. உழைப்புக்குக் கூலி கேட்கும் நாமே உழைத்தவனுக்குப் போத்தலைக் காட்டினால், துரைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கோ. நடேசய்யரோடு தோட்டந்தோட்டமாகச் சென்ற மீனாட்சி அம்மையார், தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடியும் சிறு நூல்களாக அச்சிட்டும் சங்கம் வளர்த்தார். பாட்டும் கூத்தும் நமக்கு வீண்செலவல்ல. நம்மை ஒன்று சேர்த்த ஆயுதம்.

சங்கத்துக்கும் இதே விதிதான். கொடி தைப்பதும் கூட்டத்துக்குத் தேநீர் போடுவதும் தோட்டத்துக்குள்ளேயே நடக்கட்டும். உங்கள் சந்தாப் பணம் உங்கள் லயத்துக்கே திரும்ப வேண்டும்.

வரும் சம்பள நாளன்று, டவுனுக்குப் பஸ் ஏறும் முன், கோயில் முற்றத்தில் பத்து வீட்டார் கூடுங்கள். பட்டியல் போடுங்கள். முதல் மூட்டையை எடுங்கள். சம்பளத்துக்காக ஒன்று சேர்ந்த கைகள், சம்பளத்தைக் காக்கவும் ஒன்று சேரட்டும்.