குடுவைச் செடியைப் பிடுங்கி வராதீர்கள்



சிங்கராஜா பக்கம் சுற்றுலா போய்வரும் சிலர் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியை வேரோடு பிடுங்கி ஷொப்பிங் பேக்கில் கொண்டு வருகிறார்கள். கேட்டால், "பிள்ளைகளுக்குக் காட்டத்தானே சேர்" என்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் இதை ஏற்கவில்லை.

சிங்களத்தில் பந்துரா எனப்படும் இந்த நெபந்திஸ் இனம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 1753இலேயே லின்னேயஸ் தன் நூலில் பதிந்த செடி. ஈரமான, சத்துக் குறைந்த மண்ணில் வளர்வதால்தான் பூச்சியைப் பிடித்துச் சத்தை எடுக்கிறது. நமது கச்சான் காற்றில் வெளியே வைத்தால் குடுவைகள் காய்ந்துவிடும்.

வளர்க்கவே முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய மீன் தொட்டி போதும். கழுவிய தும்பும் ஆற்று மணலும் நிரப்பி, மேலே கண்ணாடி மூடி, சற்று இடைவெளி விடுங்கள். வெளிச்சம் வேண்டும், மத்தியான வெயில் நேரே படக்கூடாது. ஊற்றுவதற்கு மாரி மழைநீரைக் கேனில் பிடித்து வையுங்கள். நமது கரையோரக் கிணற்றுச் சவர்த் தண்ணீர் வேரைக் கெடுக்கும். பசளையும் வேண்டாம், இறைச்சித் துண்டும் வேண்டாம். (பிள்ளைகள் அதைத்தான் முதலில் போடப் பார்ப்பார்கள்!) எறும்பு தானாக வரும். இது கொடி, பல மீற்றர் ஏறும். வளர வளர வெட்டிவிட வேண்டும்.

செடியை விதையிலோ தண்டுத் துண்டிலோ வளர்த்த நாற்றுமேடையில் மட்டும் வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வீடு தேவையில்லை, பாடசாலைக்கு ஒன்று போதும். பாவிக்காத மீன் தொட்டி இருந்தால் எங்களுக்கு அறியத் தாருங்கள்.