ஏரியும் நகரும்

சென்னை மாநகரின் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றொரு தெரு உண்டு. ஏரியைக் காணும் தெரு என்பது அதன் பொருள். ஆயின், அங்கு நின்று நோக்குவார்க்கு இன்று வீடுகளே தோன்றும். அப்பகுதியிற் பரந்து கிடந்த நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட, அவ்விடத்தில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கின்றது.

ஏரி போனால் நகருக்கு என்ன குறை? சென்னை அமைந்த நிலம் தாழ்ந்தது. கடல் நோக்கிய சரிவும் அதற்குச் சிறிதே. ஆதலின் பெய்த மழை விரைந்து வடிவதில்லை. இந்நிலத்தின் இயல்பறிந்த முன்னோர் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். மேல் ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலிங்கின் வழியே வழிந்து, வாய்க்காலிற் புகுந்து, கீழ் ஏரியை அடையும். அதுவும் நிரம்பினால் அடுத்ததற்குச் செல்லும். எஞ்சியது ஆற்றையோ, பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தையோ சேரும். ஒரே நாளில் பாய்ந்து ஊரைக் கெடுக்கக்கூடிய வெள்ளம் இவ்வாறு பல நாள் தங்கித் தங்கிச் சென்றது. தங்கிய நீர் மண்ணுட் புகுந்து கோடையிற் கிணறுகளை ஊட்டியது. எனவே ஓர் ஏரியைத் தூர்ப்பவர் அதனை மட்டும் அழிப்பதில்லை. தொடர் முழுவதையும் அறுக்கின்றனர்.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்துணை மழையை எந்நகரமும் தாங்காது என்பர் சிலர். அஃது ஓரளவு உண்மையே. ஆயினும், சுருங்கிய ஏரியையும் சதுப்பையும் அடுத்த வேளச்சேரி போன்ற இடங்கள் நாட்கணக்கில் நீரிற் கிடக்க, மேட்டுப்பகுதிகள் விரைவில் மீண்டன. நான்காண்டு நிறைவதற்குள், 2019 கோடையில், அந்நகரே குடிநீருக்குத் தவித்தது. ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் தண்ணீர் கொணர நேர்ந்தது. அவ்வாண்டின் வறட்சிக்கு மழைக்குறைவும் காரணமே. எனினும், வெள்ளத்தைத் தேக்க இடமில்லாத ஊர் வறட்சிக்கு எதனைச் சேமித்து வைக்கும்?

மக்கள் பெருகினரே, வீடுகள் வேண்டாமா எனின், வேண்டும். மேட்டு நிலத்தில் வீட்டின்மேல் வீடாக உயர்த்தலாம். ஏரியை அங்ஙனம் உயர்த்துதல் இயலாது. அதற்குப் பள்ளமே இடம். அத்தகைய இடங்களை வரிக்கணக்கிற்குப் புறம்பாக வைத்துப் 'புறம்போக்கு' என்றனர். ஊர்ப்பொதுவைக் குறித்த அச்சொல் இன்று வசையாகி வழங்குவது வருந்தத்தக்கது.

பள்ளிக்கரணையில் எஞ்சிய சதுப்பில் ஏறத்தாழ 1,247 எக்டேர் 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. இது நன்று, ஆயின் எல்லை குறித்தல் மட்டும் போதாது. நீரை உள்ளே கொணரும் வாய்க்கால்களும், அதனைப் பக்கிங்காம் கால்வாய்க்குச் செலுத்தும் ஒக்கியம் மடுவும் அடைபடாதிருத்தல் வேண்டும். மனை வாங்குவோரும் விலையை வினவுமுன், பழைய நிலப்படத்தில் அவ்விடம் ஏரியா, வயலா, மேடா என வினவுதல் வேண்டும்.