வாசித்தவர் பெயரையும் எழுதுங்கள்



பழைய பாட்டுகளைத் தேடித் தேடிப் பகிர்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் கீழே எழுதும் விவரம்தான் உறுத்துகிறது. நடிகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் தவறாமல் இருக்கும். பாடியவர் பெயர் பாதி நேரம் ஊகம். வாத்தியம் வாசித்தவர் பெயர் இருப்பதே இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஒரு பனியனுக்குப் பின்னால் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று எத்தனை கைகள்! கழுத்து லேபிளில் இருப்பதோ கடல் கடந்த ஒரு கம்பெனியின் பெயர் மட்டும். அதற்கு வருத்தப்படும் நாமே பாட்டுக்கும் அதையே செய்யலாமா?

'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்கார வேலனே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஜெமினி கணேசன் நாதஸ்வரம் ஊத, சாவித்திரி பாடுகிறார். நம் காதில் விழுவது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜியின் விரல்களைப் பார்த்து வியக்கிறோம். வாசித்தது மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி. இவை பேர்பெற்ற பாட்டுகள் என்பதால் பெயர் தப்பித்தது. மற்ற பாட்டுகளில் வரும் புல்லாங்குழலும் வயலினும் யாருடையவை?

குரலிலும் இதே குழப்பம்தான். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தின் ராசாத்தி பாட்டை ஜேசுதாஸ் பாடியதாக எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். பாடியவர் பி.ஜெயச்சந்திரன். 'குரல் அப்படியே இருக்கிறதே' என்பது சாட்சி ஆகாது. காது ஒரு பெயரைச் சொல்லும். அதைக் காகிதம் உறுதி செய்ய வேண்டும். படத்தின் டைட்டிலில் பாடகர்கள் பெயர் மொத்தமாக வரும், எந்தப் பாட்டு யாருடையது என்று தெரியாது. அதற்கு இசைத்தட்டு லேபிளையோ கேசட் அட்டையையோ பாருங்கள். எங்கள் தலைமுறைக்கு இலங்கை வானொலி இருந்தது. படம், இசை, பாடியவர் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். கேட்டுக் கேட்டே பெயர்கள் மனதில் பதிந்தன.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1930-களின் ஸ்விங் இசைத்தட்டுகளில் குழுத்தலைவர் பெயர் பெரிதாக இருக்கும். பாடியவரைப் பற்றிப் பல தட்டுகளில் 'குரலுடன்' என்ற அளவில்தான் குறிப்பு. அங்குள்ள ரசிகர்கள் ஒலிப்பதிவு நாள், அன்று குழுவில் இருந்தவர்கள் என்று துருவித் துருவி, டிரம்பெட் யார், சாக்ஸபோன் யார் என்று புத்தகம் புத்தகமாகப் பட்டியல் போட்டுவிட்டார்கள். நம் நாட்டிலும் ரசிகர்கள் கேட்டதற்குப் பலன் இருந்திருக்கிறது. 'மஹல்' (1949) இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடியவர் பெயராக 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயரே இருந்தது. பாடியது யார் என்று வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகுதான் லதா மங்கேஷ்கர் பெயர் வெளியே வந்தது.

வாத்தியக்காரர்கள் பெயரை லேபிளிலும் பார்ப்பது அரிது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) கேட்டவர்களுக்கு வயலின் வி.எஸ்.நரசிம்மன் என்று தெரியும். அதே இளையராஜாவின் பாட்டுகளில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன், கீபோர்டு விஜி மானுவல், பேஸ் கிடார் சசிதரன் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பது அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. இப்போது கேட்டு எழுதி வைக்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

ஆகவே கண்ணுகளா, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை பாட்டைப் பகிரும்போது பாடியவர், வாசித்தவர் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். காலியாக இருக்கும் இடத்தை நாளை யாராவது தெரிந்தவர் நிரப்புவார். தப்பான பெயரைப் போட்டுவிட்டால் அதையே நூறு பேர் நகல் எடுப்பார்கள். உண்மையில் உழைத்தவர் கடைசி வரை வெளியே தெரியமாட்டார்.