"எவ்வளவு கிடைக்கும்?" என்பதற்கு முந்தைய கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூலை வரை, எங்கள் கிளைகளில் கல்விக் கடன் மேசையின் முன்னுள்ள நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்துடன் மகனோ மகளோ அமர்ந்திருக்க, வீட்டுப் பத்திரத்தை உறையிலிட்டு மடியில் வைத்தபடி பெற்றோர் அருகில் இருப்பர். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எவ்வளவு கிடைக்கும்?"

கேள்வியில் தவறில்லை. ஆயினும், பல ஆண்டுகளாகக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்து வரும் எங்களுக்கு, அது இரண்டாவதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்றே தோன்றுகிறது. முதலில் கேட்க வேண்டியது இது: "படிப்பு முடிந்து, அங்கே வேலை அமையாமல் பிள்ளை ஊர் திரும்பினால், இங்கே வாங்கும் ரூபாய்ச் சம்பளத்தில் இக்கடனைக் கட்ட முடியுமா?"

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அபசகுனமாகப் பேசுவதாகச் சிலர் எண்ணலாம். அந்தத் தயக்கத்தால் நாங்களே கேட்காமல் விட்ட ஒரு நிகழ்வு உண்டு. ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், மகனின் முதுநிலைப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்றார். ஆவணங்கள் யாவும் ஒழுங்காக இருந்தன. நாங்களும் மகிழ்ச்சியோடு வழங்கினோம். மகன் நன்றாகவே படித்தான். வேலைதான் அமையவில்லை. அவன் திரும்பி வந்தபோது தந்தை ஓய்வூதியத்தில் இருந்தார். மாதத் தவணையோ அவ்வோய்வூதியத்தை விட அதிகம். திருப்பிச் செலுத்தும் காலத்தை நீட்டித்துக் கொடுத்தோம். வீடு ஏலத்துக்குப் போகவில்லை. ஆனால், மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த நகைகள் போயின. கடன் வழங்கிய அன்று ஒரு தாளை எடுத்து நாங்கள் கணக்கிட்டுக் காட்டியிருந்தால், கடன் தொகையையாவது அவர்கள் குறைத்துக் கேட்டிருக்கக் கூடும்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஈராண்டுப் படிப்புக்கு 30 லட்சம் ரூபாய்க் கடன். வட்டி ஆண்டுக்கு 11 விழுக்காடு என்று கொள்வோம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஏழரை லட்சம் வீதம் நான்கு முறை பணம் வழங்கப்படுகிறது. படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இத்தவணைச் சலுகைக் காலத்தை வட்டியில்லாக் காலம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அப்படியன்று. ஒவ்வொரு தொகையும் வழங்கப்பட்ட நாளிலிருந்து அதற்குத் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றாண்டு முடிவில் அவ்வட்டி மட்டும் சுமார் 7 லட்சத்து 42 ஆயிரம் ரூபாய். அது அசலுடன் சேர, தவணை தொடங்கும் நாளில் நிலுவை 37 லட்சத்து 42 ஆயிரம். பத்தாண்டுகளில் அடைப்பதற்கு மாதத் தவணை ஏறக்குறைய 51,500 ரூபாய். பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் 42,500 ஆகக் குறையும்; ஆனால் மொத்தத்தில் 14 லட்சத்துக்கும் அதிகமாகக் கட்ட நேரும்.

டாலரில் சம்பளம் வாங்குவோருக்கு இது சமாளிக்கக் கூடிய தொகை. இங்கே மாதம் 60,000 ரூபாய் வாங்கும் இளைஞருக்கு, அது சம்பளத்தின் பெரும்பகுதி.

அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை, மாணவரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அந்நாட்டு அரசின் கொள்கையையும் பொறுத்தது. கொள்கைகள் படிப்பின் இடையிலேயே மாறுகின்றன. பிரிட்டனில் பட்டம் பெற்றபின் ஈராண்டு தங்கி வேலை தேட இருந்த அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. கனடாவில், அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் ஏற்பாட்டில் 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடையாது. ஆகவே, தங்கி வேலை பார்க்கும் வாய்ப்பை ஒரு கூடுதல் நன்மையாகக் கருதலாமே தவிர, கடனைத் திருப்பிச் செலுத்தும் ஒரே வழியாகக் கருதலாகாது.

பகுதிநேர வேலைக்கும் எல்லை உண்டு. பாடம் நடக்கும் காலத்தில் கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரமும் மட்டுமே வேலை செய்யலாம். அவ்வருவாய் கைச்செலவுக்கு உதவும். கல்விக் கட்டணத்துக்கு அதை நம்பியிருத்தல் ஆகாது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை என்பது உண்மை. ஆனால், 2024 செப்டம்பர் முதல் விசாவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதமே எடுக்கலாம். கட்டணமில்லாப் படிப்புக்கும் வாழ்க்கைச் செலவு உண்டு என்பதற்கு அந்நாட்டு அரசே போட்டுத் தரும் கணக்கு அது.

நாணய மாற்று விகிதத்தையும் மறத்தல் கூடாது. 2014இல் ஒரு டாலர் 60 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 90ஐக் கடந்தது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 30,000 டாலர் எனில், டாலருக்கு ஐந்து ரூபாய் ஏறினாலே ஒன்றரை லட்சம் கூடும். முதலாண்டு விகிதத்தை வைத்து முழுச் செலவையும் திட்டமிடாமல், சிறிது கூடுதலாகவே மதிப்பிடுவது நலம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின்னும் செல்வதென முடிவெடுப்போருக்குச் சில வழிகளைச் சொல்ல விழைகிறோம்.

முதலாவது, முன்பணம் கட்டுவதற்கு முன் கல்வி நிறுவனத்தை நீங்களே சரிபாருங்கள். முகவர்களில் பலர் கல்வி நிறுவனங்களிடம் தரகு பெறுபவர்கள்; அவர்களது பரிந்துரையை மட்டும் நம்பலாகாது. போலி அனுமதிக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் சிலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளான செய்தி, 2023இல் கனடாவிலிருந்து வந்ததை நினைவில் கொள்க. விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

இரண்டாவது, மருத்துவம் படிக்கச் செல்வோர் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளைப் படித்தாக வேண்டும். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழிப் பாடம் ஆகியவை இல்லாத பட்டத்தைக் கொண்டு இங்கே மருத்துவம் பார்க்க இயலாது.

மூன்றாவது, இயன்றால் படிப்புக் காலத்திலேயே வட்டியைச் செலுத்தி வாருங்கள். மேற்சொன்ன கடனில் அது முதல் ஆறு மாதங்கள் மாதம் 6,875 ரூபாயில் தொடங்கி, முழுத் தொகையும் வழங்கப்பட்டபின் 27,500 ஆகும். இவ்வாறு செலுத்தினால் பத்தாண்டுத் தவணை 51,500இலிருந்து 41,300 அளவுக்கு இறங்கும். முழு வட்டியும் இயலாவிடில், பாதி கட்டினாலும் பயனுண்டு.

நான்காவது, வரிச் சலுகைகளை அறிந்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல், வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு மூலத்தில் வரி வசூல் கிடையாது. பழைய வரி முறையைத் தேர்ந்தோர், கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கையொப்பமிடும் பெற்றோர் வெறும் சாட்சியல்லர், இணைக் கடனாளர். தவணை தவறினால் அவர்களது கடன் மதிப்பெண்ணும் இறங்கும். தவணை தொடங்கும் ஆண்டில் உங்கள் வயது என்ன, வருவாய் என்ன என்பதை அந்தக் கணக்குத் தாளின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கல்வி வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. அதனால் உயர்ந்த குடும்பங்கள் பலவற்றை எங்கள் கிளைகளில் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆனால், ரூபாய்ச் சம்பளத்திலும் கட்டிவிடலாம் என்ற அளவில் கடனை வைத்துக்கொண்ட மாணவர், திரும்பி வர நேர்ந்தாலும் தலைநிமிர்ந்து வருகிறார். அந்த அளவுக்குள் அடங்காத படிப்பெனில், உதவித்தொகைக்கு முயலலாம். குறைந்த செலவுள்ள நாட்டை நாடலாம். ஈராண்டு இங்கே வேலை பார்த்துச் சேமித்தபின் செல்லலாம்.

அடுத்த முறை எங்கள் மேசைக்கு வரும்போது, "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கும் முன், "தவணை எவ்வளவு வரும், கணக்கிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கணக்கிட்டுக் காட்டுவது எங்கள் கடமை. நாங்கள் மறந்தாலும் நீங்கள் கேட்டுப் பெறுங்கள்.