ஆளுக்கொரு மைக்

சகோதரிகளே, ராமநாதபுரம் சீமைக் கடற்கரையில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவரா நீங்கள்? அடுத்த தடவை பிறந்தகம் போகும்போது பெரியவர்களின் குரலைப் பதிந்துகொண்டு வாருங்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது பத்து வயதுக் குழந்தையாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வலை இழுக்கையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாடும் அம்பாப் பாட்டு தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள்.

"செல்போன் இருக்கிறதே!" என்பீர்கள். ஒருவர் பேசினால் அது போதும். நாலு பேர் பாடினால்தான் சங்கடம். எடுத்துக் கொடுக்கும் தாத்தாவின் தளர்ந்த குரல் பின்பாட்டில் அமுங்கிப் போகும். கலந்த குரல்களைப் பிரிப்பதற்கும் இன்று கருவி உண்டு. ஆனால் ஒரே மாதிரிக் குரல்கள் என்றால் அதுவும் திணறுகிறது. ஆளுக்கொரு மைக், மைக்குக்கொரு டிராக் என்று பதிவதே நல்லது.

இதற்குக் கணினியில் எந்த மென்பொருள்? ஆடாசிட்டி போதும் என்பது என் அபிப்பிராயம். 2000-இல் வெளிவந்தது, காலணா செலவில்லை. குரல்களைத் தனித்தனி டிராக்காகப் பதியும். தாத்தாவின் குரலை மட்டும் பிறகு உயர்த்தலாம். ஒரு குறை, எத்தனை டிராக் இருந்தாலும் இரண்டு ஸ்பீக்கரில்தான் ஒலிக்கும். சுற்றிலும் ஆறு ஸ்பீக்கர் வைத்துக் கேட்க ஆசையா? ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பார்த்துவிட்டு, பிறகு பணம் கட்டி வாங்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் பாட்டுக்கு அவ்வளவு தடபுடல் எதற்கு?

ஏமாறுவது மென்பொருளில் அல்ல, கடையில்! நாலு மைக் செருகும் மிக்ஸர் என்பார்கள். பல மிக்ஸர்கள் நாலையும் கலந்து, இடது வலது என்று இரண்டாகவே கணினிக்கு அனுப்பும். "நாலும் தனித்தனியாகப் போகுமா?" என்று கேட்டு, போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள். இரண்டு மட்டுமே போகும் என்றாலும் பாதகமில்லை. தாத்தாவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று.

பாம்பன் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வீட்டுக்குள் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்தி, மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டுங்கள். வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஸி.டி. தரத்தில் நாலு டிராக், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.3 ஜி.பி. ஆகும். உறவுக்காரர்களுக்கு அனுப்ப எம்.பி.3 பிரதி போதும். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

பதிவு நன்றாக அமைந்தால், மீனவர்களுக்காகப் பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமூக வானொலிக்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். முதலில் தாத்தாவைக் கேளுங்கள், ஊரறிய ஒலிபரப்பச் சம்மதமா என்று.