கருவி சிறிது, தலையீடும் சிறிதா?

மலையேரிகளில் ட்ரவுட் மீன் பிடிப்போர் பயன்படுத்தும் 'ஃப்ளோட் டியூப்' என்னும் காற்றடைத்த ஒற்றையாள் மிதவை, இயற்கைக்குத் தீங்கு செய்யாத பொழுதுபோக்கின் அடையாளமாக மதிக்கப்படுகிறது. அம்மதிப்பிற்குக் காரணங்கள் உண்டு. ஆயினும், ஒரு விளையாட்டின் சூழலியல் விளைவை அதன் கருவியைக் கொண்டு மட்டுமே அளக்கும் பழக்கம் ஆய்வுலகிலும் இடம்பெற்றுவிட்டதால், அக்காரணங்களைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பது தேவையாகிறது.

லாரிச் சக்கரத்தின் உள்டியூபிலிருந்து உருவான எளிய கலம் இது. நடுவில் துணி இருக்கை. அமர்பவரின் கால்கள் நீருக்குள் தொங்கும். மார்பு வரை நீர் புகாத உடை அணிந்து, பாதங்களில் துடுப்புச் செருப்பு மாட்டி, உதைத்தவாறே பின்னோக்கி நகர வேண்டும். வட்ட வடிவக் கலங்களைத் தொடர்ந்து, ஏறி இறங்க எளிதாக முன்புறம் திறந்த கலங்கள் வந்தன. எஞ்சின் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை, ஓசையும் இல்லை. முதுகில் சுமந்து மலையேறலாம். கரையிலிருந்து தூண்டில் எட்டாத ஆழ்விளிம்புகளை, மீனை வெருட்டாமல் நெருங்கலாம். படகு கொண்டுசெல்ல இயலாத ஏரியின் நடுப்பகுதியைத் தூண்டிற்காரருக்குத் திறந்துவிட்டது இக்கலமே.

அவ்வாறு திறக்கப்பட்ட ஏரிகளில் ட்ரவுட் எவ்வாறு வந்தது என்பதே முதன்மையான கேள்வி. அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரில், உயரமான ஏரிகளில் ஏறத்தாழ அனைத்தும் இயல்பாக மீனற்றவை. பனியாறுகள் குடைந்த அக்கிண்ணங்களுக்கு அருவிகளைக் கடந்து மீன்கள் ஏறிவர இயலவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோவேறு கழுதைகளின் முதுகிலும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் விமானங்களிலிருந்தும் ட்ரவுட் குஞ்சுகள் அவற்றில் விடப்பட்டன. நோக்கம் தூண்டில் விளையாட்டு ஒன்றே.

அதன் விலையை முதலில் செலுத்தியது மஞ்சள்கால் மலைத்தவளை. அக்குளிரில் அதன் தலைப்பிரட்டை தவளையாக மாறுவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே குளிர்காலத்தில் அடிவரை உறையாத, கோடையில் வற்றாத ஆழமான ஏரிகள் அதற்கு இன்றியமையாதவை. ட்ரவுட்டுக்கு ஏற்றவையும் அதே ஏரிகளே. மீன் தலைப்பிரட்டைகளைத் தின்றது. தவளைகள் சிதறிய சிறு குட்டைகளுக்கு ஒதுங்கின. பின்னர் பரவிய கைட்ரிட் பூஞ்சை நோய் அழிவை விரைவுபடுத்தியது. சியரா நெவாடா மஞ்சள்கால் தவளை 2014இல் அந்நாட்டின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில ஏரிகளில் வலை வீசி ட்ரவுட்டை முற்றிலும் அகற்றியபோது, தவளைகளின் எண்ணிக்கை விரைந்து பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நீர்ப்பூச்சிகள் குறைந்ததால் அவற்றை உண்ணும் மலைப்பறவைகளும் ட்ரவுட் உள்ள ஏரிகளை நாடுவது குறைந்தது.

ஆகவே, மிதவையில் ஓசையின்றி அமர்ந்திருப்பவர் ஓர் இயற்கைக் காட்சிக்குள் நுழைந்திருப்பதாகக் கருதினும், அவர் துய்ப்பது ஒரு நிர்வாக முடிவின் விளைவையே. அவருடைய கலம் ஏரியைக் கலக்கவில்லை. கலக்கம் அவர் வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. எனினும் அவருடைய விருப்பம் அதனைத் தொடரச் செய்கிறது. எட்டாத ஏரி எட்டத்தக்கதாகும்போது, அதில் மீன் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வலுப்பெறுகிறது.

தூண்டிற்காரர்களின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. குளிர்ந்த, தூய நீரின்றி ட்ரவுட் வாழாது. எனவே நீரோடைகளின் பாதுகாப்புக்காக முன்னின்றவர்களுள் அவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1959இல் மிச்சிகனில் தொடங்கிய 'ட்ரவுட் அன்லிமிடெட்' அமைப்பு இதற்குச் சான்று. ஆனால் ட்ரவுட் இயல்பாக வாழும் ஆற்றைக் காப்பதும், மீனே இல்லாத ஏரியில் ட்ரவுட்டைப் பேணுவதும் ஒன்றல்ல. பாதுகாப்பு என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் மூடிமறைத்துவிடுகிறது.

இந்தியாவிற்கு இவ்வனுபவம் அந்நியமானதன்று. காஷ்மீரில் 1900இலும், நீலகிரியில் 1860களில் தொடங்கிய முயற்சிகளுக்குப் பின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆங்கிலேயரின் தூண்டில் விளையாட்டிற்காகவே ட்ரவுட் வேரூன்றச் செய்யப்பட்டது. பழுப்பு ட்ரவுட், வானவில் ட்ரவுட் ஆகிய இரண்டும், உலகின் மிகத் தீங்கான 100 அயல் ஊடுருவு இனங்களுக்கான பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் உள்ளவை. இமயமலையின் குளிர்நீரிலோ 'பனி ட்ரவுட்' எனப்படும் ஸ்கைசோதோராக்ஸ் இன மீன்கள் மண்ணுக்குரியவையாக ஏற்கெனவே வாழ்கின்றன. பெயரில் ட்ரவுட் எனினும் அவை கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எல்லா நீர்நிலைகளையும் ஒரே தட்டில் நிறுத்தவும் கூடாது. நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு ஆகியவை மின்திட்டத்திற்காக மனிதர் கட்டிய நீர்த்தேக்கங்கள். அவற்றில் ஒருவர் மிதவையில் அமர்ந்து தூண்டில் வீசுவதும், உயர்மலை ஏரியொன்றில் புதிதாகக் குஞ்சு விட்டு அதே விளையாட்டை வளர்ப்பதும் வெவ்வேறு கணக்குகள். இமாச்சலத்தில் ஓடுநீர்த் தொட்டிகளில் ட்ரவுட் வளர்த்துப் பிழைக்கும் உழவரின் தொழிலும், மீன் தப்பிச் செல்லாதவரை, தனிக் கணக்கே.

எனவே சூழல்நேயச் சுற்றுலா என்ற பெயரில் இவ்விளையாட்டு உயர்மலை ஏரிகளுக்குப் பரிந்துரைக்கப்படும்போதெல்லாம், கலத்தின் எடையையும் ஓசையையும் பற்றிய வினாக்கள் பின்னர் வரட்டும். அந்த ஏரியில் எவ்வுயிர்கள் வாழ்கின்றன, மீன் இயல்பாக உண்டா, இல்லையேல் யார் விட்டது, இனியும் விடப்படுமா என்பவை முதலில் கேட்கப்பட வேண்டும். மீனற்ற ஏரி குறையுள்ள ஏரியன்று. அது தவளைகளும் பூச்சிகளும் நிறைந்த முழுமையான வாழிடம். ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குச் செல்லுமுன் கலத்தையும் உடையையும் கழுவி உலர்த்துவது மிதப்பவரின் கடமை. எந்த ஏரியில் மீன் இருக்கலாகாது என்று உரத்துச் சொல்வது ஆய்வாளரின் கடமை. குஞ்சுகள் விடப்பட்ட பின் வலை வீசி அகற்றுவதைக் காட்டிலும், விடுமுன் சொல்வது எளிது.