நம்ம பக்கத்து தேசியப் பூங்கா கடல்ல இருக்கு

ஃபைனல் இயர் வந்தாலே கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போல் வந்துடும். முதுமலையா, தேக்கடியா, டாப்ஸ்லிப்பா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலில் நாலு வருஷம் காய்ந்தவர்களுக்குப் பச்சை மேல் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ஒரு ஆப்ஷன் மட்டும் அந்த போல்-ல வந்ததே இல்லை. தமிழ்நாட்டின் ஐந்து தேசியப் பூங்காக்களில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வரிசையாக 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். 1986-லேயே அறிவித்துவிட்டார்கள்.

இந்த வருஷ ட்ரிப் அந்தப் பக்கம்தான் போகணும் என்பது என் கருத்து. காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பும் ஒருநாள் ட்ரிப்.

முதல் காரணம், யார் வர முடியும் என்பது. முதுமலை என்றால் குறைந்தது ரெண்டு ராத்திரி வெளியே தங்கணும். "ராத்திரி தங்குறதா?" என்று வீட்டில் கேட்கும் நிமிஷத்திலேயே கிளாஸ் பொண்ணுங்க பாதிப் பேருக்கு ட்ரிப் முடிந்துவிடும். ரூம், ஜீப், சாப்பாடு என்று கணக்கு ஏற ஏற இன்னும் கொஞ்சம் பேர் "எனக்கு அன்னிக்கு வேலை இருக்குடா" என்று நழுவுவார்கள். என்ன வேலைன்னு நமக்கும் தெரியும். கடைசியில் பைக் வைத்திருக்கும் எட்டுப் பத்துப் பசங்க ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, லாரிகளுக்கு நடுவில் தூக்கத்தோடு ஓட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பெயர் கிளாஸ் ட்ரிப். பாதி கிளாஸை வீட்டில் விட்டுட்டுப் போற பிளானை நான் பிளான்னே சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது காரணம், வழி. திருச்சுழியில் நாம் தினமும் தாண்டும் குண்டாறு எங்கே போகிறது என்று யோசித்திருக்கீங்களா? கமுதி, முதுகுளத்தூர் பக்கமாகப் போய், மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆறு போகும் திசையிலேயே நாமும் போகலாம். ஒரு வேன் எடுத்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர். அங்கே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று ரெண்டு பறவைகள் சரணாலயம். அப்புறம் கடலாடி, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. வேம்பார் கரையில் நின்றால் எதிரே இருக்கும் கடலில்தான் உப்புத்தண்ணித் தீவு. அங்கிருந்து தூத்துக்குடி, மதியச் சாப்பாடு, மக்ரூன். திரும்பும்போது எட்டயபுரம், பந்தல்குடி வழியாக நாலுவழிச் சாலை. வந்த வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

"கண்மாயைப் பார்க்க யாராச்சும் வேன் பிடிப்பாங்களா மச்சி?" என்று ஒருத்தன் கட்டாயம் கேட்பான். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் கண்மாய்கள்தான். கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும் கண்மாய்கள். 2022-ல் இரண்டும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன; உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று அர்த்தம். சிவில் பசங்களுக்கு வேறொரு விஷயமும் இருக்கு. இந்தச் சீமையில் மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். பம்ப், மோட்டார் எதுவும் இல்லாமல், நிலத்தின் சரிவை மட்டும் வைத்துப் பல தலைமுறைக்கு முன்னால் கட்டியது. ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் கரையில் நின்று பார்த்தால் புரிந்துவிடலாம்.

ஆனால் எப்போ வேண்டுமானாலும் போக முடியாது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறையணும், பறவை வரணும். டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரைதான் சரியான நேரம். மழை பொய்த்த வருஷம் என்றால் கண்மாய் வெறும் களிமண்தான். செமஸ்டர் முடிந்து ஏப்ரல், மே-யில் போகலாம் என்று தேதி குறிப்பவர்கள் வறண்ட தரையைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லடா" என்று ரிவ்யூ போடுவார்கள்.

மூன்றாவது விஷயம் விதி. நம்ம ஆட்கள் ரூட் போடுவார்கள், பட்ஜெட் போடுவார்கள், பிளேலிஸ்ட் கூடப் போடுவார்கள். அனுமதி மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்". 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலரும் நம்மைவிடக் கொஞ்சமே வயது கூடியவர்கள். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது மலையேறப் போனவர்கள். இப்போது வனத்துறையே 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோடு நடத்துகிறது. மலைதான் வேணும் என்கிறவர்கள் அந்த வழியில் போகட்டும்.

கடலுக்கும் இதே கதைதான். தேசியப் பூங்காத் தீவுகளில் நாமாகப் போய் இறங்கக் கூடாது. மீனவர் ஒருத்தரிடம் காசு கொடுத்து "அண்ணே, ஒரு ரவுண்டு" என்று கேட்பதும் தப்பு. மாட்டினால் படகும் பிழைப்பும் போவது அவருக்கு. உள்ளே பார்க்கணும் என்றால் பாம்பன் பக்கம் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு இருக்கிறது. அது வேறு ரூட், வேறு நாள். கிளம்பும் முன் போன் செய்து படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளணும். பவளத்துண்டு, சங்கு என்று எதையும் பையில் போடக் கூடாது. 1972 வன உயிரினச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்குக் கொடுக்கும் அளவு பாதுகாப்பு இருக்கு.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் இப்போது கடலுக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் தீவு கரைந்தது. தூத்துக்குடி அருகே வான் தீவும் அப்படித்தான் சிறுத்துப்போய், செயற்கைப் பவளப்பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ராமநாதபுரம் கரையில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள், தலைமுறையாகப் போய்வந்த தீவுப் பக்கம் இந்தப் பூங்கா விதியால் போக முடியாமல் தவிக்கிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்குப் போகிறவர்களையே தடுக்கும் விதியை நாம் ஒரு ரீல்ஸுக்காக மீறுவது அசிங்கம்.

ஒரு வேன், தண்ணீர் கேன், யாரிடமாவது ஒரு பைனாகுலர். கண்மாய்க் கரையில் ஸ்பீக்கர் ஆஃப். போன குப்பை திரும்ப நம்ம கூடவே வரணும்; குண்டாற்றில் போட்டாலும் அது போய்ச் சேரும் இடம் அந்தக் கடல்தான்.

அடுத்த போல் போடும்போது நாலாவது ஆப்ஷனாக இதையும் சேருங்க. பொங்கல் லீவு முடிந்து வரும் முதல் சனிக்கிழமை, காலை அஞ்சரைக்குக் கிளம்பினால் பறவைகள் இரை தேடிக் கிளம்பும் நேரத்துக்குச் சித்திரங்குடி போய்விடலாம். ராத்திரி ஏழரைக்கு எல்லாரும் வீட்டில். எல்லாரும்.